பிலோமினாவின் ஒன்பது சின்ன நோட்டுகள்

செய்தி கிள்ளானிலிருந்து வந்தது. ஷா ஆலம் அலுவலகத்தின் கார் நிறுத்துமிடத்தில் இன்ஜினை அணைத்துவிட்டுக் கைப்பையைத் தேடிக்கொண்டிருந்தேன். மிஸ்ஸி சாந்தியிடமிருந்து ஒரு குரல் பதிவு. நர்சுகளை நாம் மிஸ்ஸி என்றுதானே கூப்பிடுகிறோம். கிள்ளானில் ஒரு கிளினிக்கில் மருந்துச் சோதனைகளைக் கவனித்துக்கொள்பவள் சாந்தி. "அக்கா, பிலோ அக்கா காலைல போயிட்டாங்க. அவங்க தங்கச்சி இப்பதான் கூப்பிட்டுச் சொன்னாங்க. நீங்க டிரைவ் பண்ணிக்கிட்டிருந்தா நிப்பாட்டிட்டுக் கேளுங்க." எச்சரிக்கையைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்திருந்தாள். பிலோ இருந்திருந்தால் அதற்கு ஒரு திட்டு விழுந்திருக்கும். எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. பிறகு காரை விட்டு இறங்க அரை மணி நேரம் ஆயிற்று.

இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் மரியாதை. எனக்கு வரவில்லை. எங்கள் இருவருக்கும் ஒரே வயது, பழகிய இரண்டாம் வாரத்திலிருந்தே வா போ என்று பேசிக்கொண்டவர்கள். பிலோமினா என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட்டால் 'என்ன தப்பு செஞ்சேன்?' என்று கேட்பாள். ஆகவே பிலோ என்றும் அவள் என்றும்தான் எழுதப்போகிறேன். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

இதை வாசிப்பவர்களில் பாதிப்பேர் அவளோடு வேலை செய்தவர்கள். மீதிப்பேர் பிரிக்ஃபீல்ட்ஸ் தேவாலயத்தில் அவள் பாடிக் கேட்டவர்கள். அவர்களுக்கு அவள் 'ஆஸ்பத்திரியில ஏதோ வேலை' செய்தவள். ஏதோ வேலை இல்லை. ஒரு புது மருந்து கடைக்கு வருவதற்கு முன், சம்மதித்த நோயாளிகளிடம் அதைக் கொடுத்துச் சோதித்துப் பார்ப்பார்கள். சோதனை நடக்கும் கிளினிக்குகளுக்கு நேரில் போய், அங்கே எழுதப்படுவது உண்மையா, முழுமையா, நோயாளிக்கு ஆபத்து ஏதும் இல்லையா என்று பார்ப்பவரை மானிட்டர் என்பார்கள். பிலோ மானிட்டர். ஆறு வாரத்துக்கு ஒருமுறை எல்லா இடத்துக்கும் போவாள். டாக்டர் கையால் எழுதிய கோப்பையும் சோதனைப் படிவத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிடுவாள். தப்பு இருந்தால் அறிக்கையில் 'குறை' என்று எழுத வேண்டும், எங்கள் பேச்சில் ஃபைண்டிங். குறை எழுதப்பட்ட கிளினிக்குக்குத் தலைவலி ஆரம்பம்.

அப்படி எல்லா இடத்துக்கும் ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்க வேண்டாம், ஆபத்து எங்கே அதிகமோ அங்கே முதலில் போகலாம் என்ற முறை, மருந்து தயாரிப்பவர்களுக்காகச் சோதனைகளைக் கண்காணிக்கும் எங்கள் கம்பெனிக்கு வந்தபோதுதான் என்னை வேலைக்கு எடுத்தார்கள். நான் புள்ளியியல் படித்தவள். எந்த இடத்துக்கு முதலில் போக வேண்டும் என்று சொல்லும் ஒரு கணினி மாடலைச் செய்து கொடுத்தேன். சிவப்பு என்றால் உடனே ஆள் போக வேண்டும். பச்சை என்றால் ஆறு மாதத்துக்கு யாரும் போக வேண்டியதில்லை. முதல் விளக்கக் கூட்டத்தில் மானிட்டர்கள் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தங்கள் சோற்றில் மண் போட வந்தவளாகத்தான் என்னைப் பார்த்தார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"இந்த மெஷின் எந்த ஸ்கூல்ல படிச்சிச்சு மேடம்?"

அறையே சிரித்தது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது இப்போது உங்களுக்குத் தெரியும், அன்றைக்கு அவர்களுக்குத் தெரியாது. "உங்க ரிப்போட்லதான் படிச்சிச்சு. இத்தனை வருஷமா நீங்க எந்தக் கிளினிக்ல குறை எழுதினீங்க, எதுல எழுதல, எல்லாத்தையும் பார்த்துத்தான் கத்துக்கிச்சு" என்றேன். மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். கேள்வி கேட்டவள் மட்டும் சிரிக்கவில்லை. ஹேண்ட்பேக்கிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ குறித்துக்கொண்டாள். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அன்றிலிருந்து கடைசிவரை எனக்கு அவள் வைத்த பெயர் 'மெஷின்'.

பிலோ வேலை செய்யும் விதம் உங்களுக்கே தெரியும். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவள், யாரையும் மாட்டிவிடப் பிடிக்காது. கிளினிக்குக்குப் போகும்போதே கையில் வடைப் பொட்டலம் இருக்கும். தப்பைக் கண்டுபிடித்தால் மிஸ்ஸியைத் தனியாகக் கூப்பிட்டு, "நான் ரிப்போட் எழுதறதுக்குள்ள இதச் சரி பண்ணிடு" என்பாள். பக்கத்திலேயே உட்கார்ந்து விதிப்படி திருத்தவும் வைப்பாள். திருத்திய இடத்தில் தேதியும் கையெழுத்தும் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எழுந்திருப்பாள். மறந்துபோகாமல் இருக்க, எந்தக் கிளினிக், என்ன தப்பு என்று சின்ன நோட்டில் ஒரு வரி. அறிக்கையில் மட்டும் குறை எதுவும் இல்லை என்று போய்விடும். அவள் போகும் கிளினிக்குகளில் மிஸ்ஸிகள் அவளைக் கண்டால் ஒளிந்துகொள்ள மாட்டார்கள் என்று மற்ற மானிட்டர்கள் பொறாமைப்படுவார்கள். சிரிக்காதீர்கள், உங்களில் எத்தனை பேர் இதையே செய்தீர்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

மாடலை முதன்முதலாக இரத்த அழுத்த மாத்திரை ஒன்றின் சோதனைக்குப் பயன்படுத்தினோம். பட்டியலில் எல்லாவற்றையும்விடப் பச்சையாக வந்தது சாந்தியின் கிள்ளான் கிளினிக். எனக்கு ரொம்பச் சந்தோஷம். நான் கிள்ளான்காரி, ஊர்ப் பாசம் வேறு. பட்டியலை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். நான்கு மாதம் கிள்ளானுக்கு யாரும் போகவில்லை. அங்கிருந்து வந்த படிவங்களில் பக்கவிளைவு என்று ஒரு வரி இல்லை. வரி இல்லாததைப் பார்த்து மாடல் இன்னும் பச்சையாக்கியது.

பேன்ட்ரியில் மைலோ கலக்கிக்கொண்டிருந்தபோது பிலோ வந்து பக்கத்தில் நின்றாள்.

"கிள்ளான் ஏன் பச்சை மெஷின்?"

"சுத்தமான இடம். பதினோரு வருஷ ரிப்போட்டைப் பார்த்துட்டுத்தான் சொல்லுது. பக்கவிளைவு விட்டுப்போச்சுன்னு அங்க ஒரு ஃபைண்டிங்கூட இல்ல."

"யார் எழுதின ரிப்போட்?"

அவள் எழுதியவை என்று எனக்குத் தெரியும். சொன்னேன்.

"அது சுத்தமா இல்ல மங்கை. நான் சுத்தம் பண்ணிட்டு எழுதினேன்."

மெஷின் என்னாமல் என் பெயரைச் சொன்னாள். முதலில் எனக்குப் புரியவில்லை. என் மாடலைக் குறை சொல்லத்தான் வந்திருக்கிறாள் என்று முறைத்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள். சாந்தி நல்ல வேலைக்காரி, ஆனால் கிளினிக்கில் கூட்டம். டாக்டர் கோப்பின் ஓரத்தில் 'பெனிங்' என்று கிறுக்கியிருப்பார், மலாயில் தலைச்சுற்றல். அது சோதனைப் படிவத்துக்கு ஏறாது. ஒவ்வொரு தடவையும் பிலோ அதைப் பார்த்து, 'சாந்தி, இதப் போடு' என்பாள். சாந்தி போடுவாள். விட்டுப்போனதாக எங்குமே பதிவாகாது. கிள்ளானில் பக்கவிளைவு விட்டுப்போகவே போகாது என்று மாடல் அதிலிருந்துதான் கற்றுக்கொண்டது. கற்றுக்கொண்டதை வைத்து, 'இதப் போடு' என்று சொல்ல இருந்த ஒரே ஆளையும் அங்கே போகாமல் நிறுத்திவிட்டது.

மைலோ ஆறிப்போனது. விஷயம் இதுதான்: இன்னும் மூன்று வாரத்தில் பாதுகாப்புக் குழு கூடப்போகிறது. படிவங்களைப் பார்த்து, பெரிய தொந்தரவு இல்லை என்றால், அந்த மாத்திரையின் அளவை எல்லோருக்கும் கூட்டிவிடுவார்கள். கிள்ளானில் யாருக்காவது உண்மையில் தலை சுற்றினால் அது குழுவின் கண்ணில் படாது. கூட்டிய மாத்திரையை விழுங்கிவிட்டு எங்காவது படிக்கட்டில் விழுவார்கள்.

இப்போது என் குட்டைச் சொல்லியாக வேண்டும். "சாந்திக்கு ஒரு ஃபோன் போட்டுச் சரி பண்ணச் சொல்லு. யாருக்கும் தெரிய வேணாம்" என்றேன். ஆமாம், நான்தான் சொன்னேன். என் மாடலுக்கு வந்த முதல் சோதனையிலேயே அது தப்பு என்று ஊருக்குத் தெரியக் கூடாது என்ற பயம் எனக்கு.

"அதத்தானே லா பதினோரு வருஷமா செஞ்சேன்" என்றாள் பிலோ. "கிள்ளான் மட்டுமா? நான் போன எல்லா இடமும் உன் லிஸ்டுல பச்சையாத்தான் இருக்கும். போய்ப் பாரு."

போய்ப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது.

பச்சை இடத்துக்கு ஆள் அனுப்ப வேண்டும் என்றால் எழுத்தில் காரணம் கொடுக்க வேண்டும். உண்மையான காரணம் ஒன்றே ஒன்று. அந்த வார வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் மருந்துக் கம்பெனியின் ஆட்கள் திரையில் இருக்க, எங்கள் இயக்குநர் மேசையின் தலைப்பக்கத்தில் இருக்க, அவள் எழுந்து நின்றாள். ஆங்கிலத்தில்தான் பேசினாள். அவள் சொன்னதன் பொருளை அப்படியே தருகிறேன்: "மாடல் படித்த பள்ளிக்கூடத்தில் நானும் ஒரு டீச்சர். நான் தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். என் அறிக்கைகளில் குறை இல்லை என்று இருக்கும் இடங்களில் குறை இருந்தது. எழுதாமல் சரிசெய்தது நான். மிஸ்ஸிகளைக் கேட்க வேண்டாம், என்னைக் கேளுங்கள்." பிறகு ஹேண்ட்பேக்கைத் திறந்து ஒன்பது சின்ன நோட்டுகளை எடுத்து மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

நான் அவள் பக்கத்து நாற்காலியில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். வேலை போகும் என்று தெரிந்தே பேசினாள். வீட்டுக் கடனும், படித்துக்கொண்டிருக்கும் மகளும் இருந்தார்கள். வேறு யாராவது இப்படி எழுந்து நின்று நான் பார்த்ததில்லை. என்னால் முடிந்திருக்காது என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன். அந்த வெள்ளிக்கிழமை நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன் என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிகிறேன்.

வேலை போகவில்லை. எச்சரிக்கைக் கடிதம் வந்தது, மூத்த மானிட்டர் பதவியை ஓராண்டுக்குப் பிடுங்கிக்கொண்டார்கள். கடிதத்தை பிரிக்ஃபீல்ட்ஸ் தோசைக் கடைக்குக் கொண்டுவந்து எங்கள் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். "பதினோரு வருஷத்துல எனக்கு வந்த மொத ஃபைண்டிங். ஃப்ரேம் போடப்போறேன்." போட்டாள். அவள் வீட்டு ஹாலில், மகளின் பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் அது இன்னும் தொங்குகிறது.

கடிதம் வந்ததற்கு அடுத்த திங்கட்கிழமையே நானும் அவளும் கம்யூட்டர் என்கிற புறநகர் ரயில் ஏறிக் கிள்ளானுக்குப் போனோம். வடைப் பொட்டலம் வழக்கம்போல இருந்தது. சாந்தி அதைத் தொடவில்லை.

"என்னை மாட்டி விட்டுட்டீங்களே அக்கா."

"உன்னை இல்ல, என்னை. உன் பேரு எங்கயும் இல்ல, லெட்டர் வேணும்னா காட்டறேன்."

பிலோ கோப்புகளைப் புரட்டினாள். இந்தத் தடவை ஓரக் கிறுக்கல்கூட அதிகம் இல்லை. நோயாளிகளிடம் என்ன கேட்கிறாய் என்று சாந்தியைக் கேட்டாள். "ஏதாச்சும் பிரச்சினை இருக்கான்னு கேப்பேன். ஒண்ணும் இல்ல மிஸ்ஸின்னுதான் எல்லாரும் சொல்றாங்க" என்றாள் சாந்தி. மானிட்டர் நோயாளியோடு நேரில் பேசக் கூடாது, அது விதி. பிலோ சாந்தியின் பக்கம் திரும்பினாள்.

"பிரச்சினைன்னு கேக்காத. நேத்து காலைல எழுந்ததும் என்ன செஞ்சீங்கன்னு கேளு. அவங்க சொல்றத அப்படியே எழுது. நீயா முடிவு பண்ணாத, அத டாக்டர் பாத்துக்குவார்."

நாங்கள் இருவரும் வெளியே மருந்து அறையில் பெட்டிகளின்மேல் உட்கார்ந்திருந்தோம். முதல் நோயாளி போர்ட் கிள்ளானில் லோரி ஓட்டி ஓய்வுபெற்ற ஒரு பெரியவர். அவர் போன பிறகு சாந்தி ஒரு தாளோடு வந்தாள். முகம் மாறியிருந்தது. வாசித்தாள்: "எழுந்து கொஞ்ச நேரம் கட்டில்லயே உட்கார்ந்திருப்பேன் மிஸ்ஸி. அப்புறம் சுவத்தப் பிடிச்சிக்கிட்டே பாத்ரூம் போவேன்." ஏன் அங்கிள் சுவரைப் பிடிக்கிறீர்கள் என்று கேட்டிருக்கிறாள். "விழாம போகணும் இல்ல? நேத்து விழுந்துட்டேன்" என்று சாதாரணமாகச் சொல்லியிருக்கிறார். அதை அவர் பிரச்சினை என்றே நினைக்கவில்லை. வயசானால் அப்படித்தான் என்று இருந்திருக்கிறார்.

அன்று மாலைக்குள் சாந்தியின் கையில் அப்படிப் பல தாள்கள் சேர்ந்தன. ஒரு அம்மா சாமி கும்பிடக் குனிவதையே விட்டுவிட்டிருந்தார். இன்னொருவர் பாசாருக்கு, அதாவது சந்தைக்கு, மகனைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்திருந்தார். யாருக்கும் பிரச்சினை ஒன்றும் இல்லை. டாக்டர் ஒவ்வொருவரையும் மறுபடி கூப்பிட்டு, படுக்கவைத்தும் நிற்கவைத்தும் இரத்த அழுத்தம் பார்த்தார். படிவங்களில் வரிகள் ஏறின. சாந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஆறிப்போன வடையை எடுத்துச் சாப்பிட்டாள். பிலோ தன் அறிக்கையை அந்த மேசையிலேயே உட்கார்ந்து எழுதினாள். முதல் வரியிலேயே குறை.

பாதுகாப்புக் குழு மாத்திரை அளவைக் கூட்டவில்லை. மற்ற கிளினிக்குகளிலும் பிலோ சொன்ன விதத்திலேயே கேட்கச் சொன்னார்கள். அங்கேயும் சுவரைப் பிடித்து நடப்பவர்கள் இருந்தார்கள். மருந்து குறைந்த அளவிலேயே சோதனையை முடித்தது. அந்த லோரி அங்கிள் இன்றும் கிள்ளானில் காலை நடை போகிறார். பிலோமினா என்று ஒருத்தி இருந்தாள் என்பதே அவருக்குத் தெரியாது. விதிப்படி தெரியவும் கூடாது. நமக்குத் தெரியும், அதனால்தான் எழுதுகிறேன்.

ஒன்பது நோட்டுகளையும் கணினியில் ஏற்றப் பல சனிக்கிழமைகள் ஆயின. அவள் வாசிப்பாள், நான் தட்டுவேன். அவள் கையெழுத்து அவளுக்கே சில இடத்தில் புரியாது. "அலமாக், இது என்ன மருந்தா, மார்க்கெட் சாமானா?" என்பாள். ஒரு பக்கத்தில் தேதிக்குப் பக்கத்தில் இஞ்சி, புளி, இரண்டு தேங்காய் என்று இருந்தது. அதையும் ஏற்றவா என்று கேட்டேன். "ஏத்து. உன் மெஷின் கொஞ்சம் சமைக்கவும் கத்துக்கட்டும்." பார்த்துக்கொண்டிருந்த மற்ற மானிட்டர்களும் ஒவ்வொருவராகத் தங்கள் பழைய டைரிகளைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, முகத்தைப் பார்க்காமல் போனார்கள். எல்லாவற்றையும் சேர்த்து மாடலுக்கு மறுபடி சொல்லிக்கொடுத்தோம். பட்டியல் தலைகீழாக மாறியது. இன்றைக்கு எங்கள் அறிக்கையில் 'நேரிலேயே சரிசெய்தது' என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதை நிரப்புகிறவர்களுக்குத் தண்டனை கிடையாது. நிரப்பாமல் விட்டால்தான் கேள்வி வரும். ஒரு கிளினிக்கிலிருந்து பக்கவிளைவே வராவிட்டால் பச்சை மஞ்சளாகும். கருத்தரங்குகளில் அதை என் யோசனை என்று அறிமுகப்படுத்துவார்கள். ஒவ்வொரு முறையும் எழுந்து திருத்துகிறேன்.

போன ஆண்டு அவளுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. நாம் எல்லோரும் பதறிக்கொண்டு ஃபோன் செய்தோம், நினைவிருக்கிறதா? நம்மில் வேறு யாராக இருந்தாலும் 'ஒண்ணும் இல்ல லா, நல்லா இருக்கேன்' என்றுதான் சொல்லியிருப்போம். பிலோ ஒருமுறைகூட அப்படிச் சொன்னதில்லை. எங்கே வலி, எத்தனை மணிக்கு வலி, எந்த மாத்திரைக்குக் குறைந்தது, எதற்குக் குறையவில்லை எல்லாம் சொல்வாள். சொல்லிவிட்டு, "எழுதிக்கோ மெஷின்" என்பாள். முதலில் விளையாட்டு என்று நினைத்தேன். பிறகு நிஜமாகவே எழுத ஆரம்பித்தேன். பிரிக்ஃபீல்ட்ஸ் கடையில் அதே மாதிரி ஒரு சின்ன நோட்டு வாங்கினேன், அவளுடைய பத்தாவது நோட்டு. டாக்டரைப் பார்க்கப் போகும் நாட்களில் அதைக் கையில் எடுத்துக்கொண்டு போவாள். வலி மருந்தை மாற்றவைத்தது அந்த நோட்டுத்தான் என்று அவள் தங்கை சொன்னாள்.

கடைசியாக அவளைப் பார்த்தது இறப்பதற்கு நான்கு நாள் முன்பு, அவள் ஃபிளாட்டில். கீழே ரயில் போகும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கண்ணை மூடியிருந்தாள். எப்படி இருக்கிறாய் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. அவள் சொல்லிக்கொடுத்த விதத்திலேயே கேட்டேன்.

"நேத்து காலைல எழுந்ததும் என்ன செஞ்சே பிலோ?"

கண்ணைத் திறந்தாள். உதட்டோரத்தில் அந்தப் பழைய பின்வரிசைச் சிரிப்பு வந்தது.

"எழுந்திருக்கவே இல்ல மெஷின். எழுதிக்கோ."

அழுதுகொண்டே எழுதினேன். சரியாக எழுதியிருக்கிறேனா என்று நோட்டை வாங்கிப் பார்த்தாள். தேதி போட மறந்திருந்தேன். விரலால் அந்த இடத்தைத் தட்டிக் காட்டினாள். அவள் பிடித்திருக்க, நான் தேதி போட்டுக் கையெழுத்தும் போட்ட பிறகுதான் நோட்டைக் கையிலிருந்து விட்டாள்.

அந்தப் பத்தாவது நோட்டு இப்போது என் கைப்பையில் இருக்கிறது. அதில் பாதிக்குமேல் வெற்றுப் பக்கங்கள். சாந்தி என்னைக் கூப்பிட்டு நன்றாக இருக்கிறீர்களா அக்கா என்று நேற்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. காலையில் எழுந்ததும் பிலோவுக்கு ஃபோன் போட்டேன், அது அடித்துக்கொண்டே இருந்தது என்றேன். மறுமுனையில் சாந்தி எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது.